சாப்பாட்டுச் சீட்டுப் புத்தகத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

வீட்டை விட்டு முதன்முறையாக வெளியே தங்கிக் கல்லூரியில் படிப்பவர்களும், தினமும் எங்கே சாப்பிடுவது என்று யோசித்தே அலுத்துப்போய், ஏதேனும் ஓர் உணவகத்தில் மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்களும் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் 60 வேளைச் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டி, 26 வேளை சாப்பிட்டு, ஓர் இரவு முழுவதும் வாந்தி எடுத்து, மீதிப் பணத்தை இழந்தவன். உணவகத்தின் பெயரை எழுதவில்லை. பெயர்ப் பலகையை ஒரே நாளில் மாற்றிவிட முடியும் என்பதால், அவர்கள் கையாண்ட முறையைச் சொல்வதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கல்லூரி தொடங்கிய முதல் மாதம் முழுவதும் விதவிதமாகச் சாப்பிடுவதே எங்கள் பொழுதுபோக்காக இருந்தது. வீட்டில் என்ன வைத்தார்களோ அதைச் சாப்பிட்டே வளர்ந்த எனக்கு, விலைப்பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வேண்டியதைக் கேட்கலாம் என்பதே பெரிய சுதந்திரமாகத் தெரிந்தது. இன்று போன உணவகத்துக்கு நாளை போவதில்லை என்று நண்பர்கள் நான்கு பேரும் ஒரு விதியே வைத்திருந்தோம். மாதக் கடைசியில் பையில் மிஞ்சியதை எண்ணிப் பார்த்த அன்று அந்த விதி தானாகவே காலாவதியாகிவிட்டது.

விடுதிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஓர் உணவகத்தின் வாசலில், மாணவர்களுக்குச் சலுகை என்று எழுதிய அட்டை கண்ணில் பட்டது அப்போதுதான். 60 சீட்டுகள் கொண்ட புத்தகத்தை மொத்தமாக வாங்கினால் 54 வேளைக்கு உரிய பணம் கட்டினால் போதும். புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால், சேர்த்துவிட்டவருக்கு இரண்டு சீட்டு இலவசம். மூன்று நாள் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தோம். சோறு மலர்ந்து வெந்திருந்தது, காய்கறிகள் நிறம் மாறாமல் இருந்தன, கேட்டால் முகம் சுளிக்காமல் இன்னொரு கரண்டி வைத்தார்கள். நான்காம் நாள் புத்தகம் வாங்கினேன். அதோடு நிற்காமல், ஆறு இலவசச் சீட்டுக்கு ஆசைப்பட்டு மற்ற மூன்று பேரையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பிறகு நடந்த எல்லாவற்றையும்விட எனக்கு இன்றும் உறுத்துவது இந்த ஆறு சீட்டுதான்.

முதல் பத்து நாள் குறை சொல்ல எதுவும் இல்லை. அதன் பிறகு, சீட்டு வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் சிறிய அறையில் உட்கார வேண்டும் என்றார்கள். கூட்டம் அதிகம் என்று காரணம் சொன்னதால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்துத்தான் முன்பக்கம் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு பாத்திரத்திலிருந்தும், உள்ளே எங்களுக்கு வேறொரு பாத்திரத்திலிருந்தும் சோறு வருவதைக் கவனித்தேன். எங்கள் தட்டில் விழும் சோறு கட்டி கட்டியாக இருந்தது. பருக்கையின் நுனி காய்ந்து விறைத்திருக்கும். மேலே ஆவி பறக்கும். ஒரு நாள் குழம்பை ஊற்றுவதற்கு முன் சோற்றின் நடுவில் விரலை விட்டுக் குழி பறித்தபோது, மேல்பக்கம் விரலைச் சுட்டது, அடியில் ஜில்லென்று இருந்தது. அன்று வடித்த சோற்றில் இப்படி இருக்க வழியே இல்லை. பழைய சோற்றை அவசரமாகச் சூடு காட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியவும் செய்தது. ஆனால் பணம் கட்டியாகிவிட்டதே என்ற எண்ணம் வாயை அடைத்துவிட்டது.

முன்பணத்தின் உண்மையான தீங்கு இதுதான் என்று பிறகு தோன்றியது. வேளைக்கு வேளை காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு நாளைக்கு வேறு கடைக்குப் போய்விடும் உரிமை இருப்பதால், அவனுக்குப் புதுச் சோறு வைத்தே ஆக வேண்டும். எங்களுடைய பணமோ ஏற்கெனவே கல்லாவுக்குள் போய்விட்டது, நாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை. சொல்லப்போனால், வராமல் இருந்தால்தான் லாபம்.

26ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு முட்டை போட்டு வதக்கிய சோறு வைத்தார்கள். மீந்த சோற்றை முட்டையும் மிளகும் போட்டு வதக்குவது பல வீடுகளிலும் உள்ள வழக்கம்தான், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அன்றைய சோற்றில், மிளகின் காரத்தையும் தாண்டி, மூடியே வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு புழுங்கிய வாடை இருந்தது. பசியில் சாப்பிட்டுவிட்டோம். பத்தரை மணிக்கு எனக்குக் குமட்டத் தொடங்கியது; நள்ளிரவுக்குள் இன்னும் இரண்டு பேருக்கு அதே நிலை. நான்காவது நண்பனுக்கு அன்று பல்வலி என்பதால் ரொட்டியும் பாலும் வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்திருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன்தான் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கி, வாய் வாயாக விடியும்வரை எங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். உப்பு கூடினால் கேடு என்று அளவில் அவன் காட்டிய கண்டிப்பு அப்போது எரிச்சலூட்டியது.

மறுநாள் மருத்துவர் முதலில் கேட்டது, சோறு சாப்பிட்டீர்களா என்பது. சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டால் எதுவும் ஆகாது என்று நம்பியிருந்த எனக்கு, அவர் சொன்ன விளக்கம் புதிது. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு கொதிக்கும்போது சாவதில்லை. வடித்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் வதக்கினாலும் அழிவதில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும் என்றார்; எங்களுக்கு இரண்டரை மணி நேரத்தில் தொடங்கியது. சோற்றைச் சோதனைக்கு அனுப்பவில்லை என்பதால் இதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் நேரமும் அறிகுறியும் பொருந்துகின்றன என்றார். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கடை நடத்துகிறவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

இரண்டு நாள் கழித்துக் கல்லாவில் இருந்த உரிமையாளரிடம் போனேன். மருத்துவச் சீட்டைக் காட்டி, மீதிச் சீட்டுகளுக்குப் பணம் தந்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “தம்பி, தினம் நூறு பேர் சாப்பிடுறாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. வெளியில வேற எங்கயாவது சாப்பிட்டிருப்பீங்க” என்றார். அப்புறம் சீட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். பணம் திருப்பித் தரப்படாது என்று எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் நகராமல் நின்றதால், வேண்டுமானால் இன்னும் பத்துச் சீட்டு சேர்த்துத் தருகிறேன் என்றார். எந்தச் சோற்றைச் சாப்பிட்டு விழுந்தேனோ அதே சோற்றை இன்னும் பத்து வேளை தருவதாகச் சொன்னதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்வதா மிரட்டல் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு விளங்கவில்லை.

புகார் கொடுக்கலாம் என்று முயன்றபோதுதான் என் அசட்டுத்தனம் முழுவதும் தெரியவந்தது. பணம் கட்டியதற்கு என்னிடம் ரசீது இல்லை, ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். புத்தகத்தில் வரிசை எண் உண்டு, ஆனால் தேதியோ கட்டிய தொகையோ கடையின் முத்திரையோ இல்லை. 26 வேளை சாப்பிட்டதற்கும் ஆதாரம் இல்லை, ஏனென்றால் சீட்டைக் கிழித்து அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். தட்டைப் படம் எடுத்து வைக்கவில்லை. மீதிச் சோற்றைப் பொட்டலம் கட்டிக் குளிரில் எடுத்து வைக்கவும் தோன்றவில்லை. உடல்நலம் கெட்ட இரவில் யாருக்கும் அது தோன்றாதுதான், ஆனால் அது இல்லாமல் நம் பேச்சு வெறும் பேச்சாகவே நிற்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 54 வேளைக்குப் பணம் கட்டி 26 வேளை சாப்பிட்டதால், ஒவ்வொரு வேளைக்கும் பலகையில் எழுதியிருந்த விலையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமாகவே கொடுத்திருக்கிறேன். ஆறு வேளை மிச்சம் பிடிக்கப் போய் நேர்ந்த கதி இது. மருத்துவச் செலவு தனி.

பிறகு சில வாரம் கைபேசிச் செயலி வழியாக உணவு வரவழைத்தோம். அதிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று வெவ்வேறு பெயர்களில் மூன்று நாள் வாங்கியும் ஒரே பெட்டி, ஒரே சுவை, காறல் வாடை அடிக்கும் ஒரே எண்ணெய். முகவரியைப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே கட்டடம். ஒரே அடுக்களை பல பெயர்களில் விற்பது சட்டவிரோதம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயருக்கு மாறினோம் என்று நாம் நினைத்துக்கொள்வது பல நேரம் பொய் என்பதற்காகச் சொல்கிறேன். பெயரைப் பார்ப்பதைவிட முகவரியைப் பார்ப்பது மேல்.

கடைசியில் நாங்களே சமைக்கத் தொடங்கினோம். ஒரு மின்சார அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு மொட்டைக் கத்தி. முதல் வாரம் அடிப்பிடித்தது, அடுத்த வாரம் குழைந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மூன்றாவது வாரம் இரவில் வடித்த சோறு நிறைய மீந்துவிட, மூடி போட்டு மேசைமேலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எண்ணெயைச் சூடாக்கி அதைக் கொட்டப் போகும்போது, மூடியைத் திறந்ததும் அந்த உள்ளறை வாடை முகத்தில் அடித்தது. யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ அவர் செய்ததையே செய்யப் போனேன். அவ்வளவு சோற்றையும் குப்பையில் கொட்ட மனம் வரவில்லைதான், கொட்டினேன். இப்போது சோறு மீந்தால் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். மறுநாளே, நடுப்பகுதிவரை ஆவி வரும்படி ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். இதற்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் தேவைப்படவில்லை, காசும் ஆகவில்லை. அந்த உரிமையாளர் மேல் எனக்குக் கோபம் கூடியதே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

மொத்தமாகக் கட்டியே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் கட்டாதீர்கள். தேதியும் தொகையும் எழுதிய ரசீது தராத இடத்தில் ஒரு வேளைக்குக்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். பணம் கட்டும் முன் நீங்கள் சாப்பிட்டுப் பார்ப்பது விருந்தாளிக்கு வைக்கும் சாப்பாடு. ஆகவே ஏற்கெனவே சீட்டு வைத்திருக்கும் ஒருவரிடம், அவர் கடைக்கு வெளியே வந்த பிறகு கேளுங்கள். எங்கே உட்கார வைக்கிறார்கள், எந்தப் பாத்திரத்திலிருந்து போடுகிறார்கள் என்ற இரண்டு கேள்வி போதும். இரவு கடை மூடும் நேரத்தில் மீந்ததை என்ன செய்கிறார்கள் என்று ஒரு முறை நின்று பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

இலவசச் சீட்டு ஆறையும் சேர்த்து 40 சீட்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நான் சேர்த்துவிட்ட மூன்று பேருக்கும் பணத்தைத் திருப்பித் தரும் வசதி எனக்கு இல்லை என்பதால், சனிக்கிழமை இரவுச் சமையல் என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறேன். பல்வலியால் தப்பித்தவன் பேசாமல் சாப்பிட்டுவிடுவான். மற்ற இருவரில் ஒருவன் இன்றும் சோற்றின் நடுவில் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் குழம்பை ஊற்றிக்கொள்கிறான். நானும் ஒன்றும் சொல்வதில்லை.