ரைட் கிளிக் போனால் ஆப்பு

போன மாதம் மவுஸைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. ரைட் கிளிக்கை ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாக எடுத்துக்கொள்கிறது. எக்செல் பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை, கவுன்டர் ஸ்ட்ரைக் கேமில் ஏடபிள்யூபி என்கிற ஸ்னைப்பர் துப்பாக்கியைத் தூக்குகிறவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. முதல் அழுத்தில் ஸ்கோப், இரண்டாவதில் இன்னும் நெருங்கின ஜூம். மிராஜ் மேப்பில் ஜன்னலோரம் நின்று ஸ்கோப் போட்டால் நேராக இரண்டாவது ஜூமுக்குத் தாவி, எதிர்ச் சுவர் மட்டும் பிரமாதமாகத் தெரியும், என்னைச் சுடுகிறவன் தெரிய மாட்டான்.

அதனால் இரண்டு வாரம் ஏகே ரைபிள் மட்டும்தான். இந்த நேரம் பார்த்து சித்தி பையன் கேட்கிறான்: "அண்ணா, புதுசா பிசி வாங்கியிருக்கேன், ஆப் பழகலாமா? அதை நர்ஃப் பண்ணி மட்டம் தட்டிட்டாங்களாமே?" (எங்கள் செட்டில் ஏடபிள்யூபிக்குப் பெயர் ஆப்தான். சுடுகிறவனுக்கு ஆப், படுகிறவனுக்கு ஆப்பு.)

தம்பி, பத்து வருடத்துக்கு மேல் அதோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். இடுப்புக்கு மேல் எங்கே பட்டாலும் ஆள் காலி, காலில் பட்டால் மட்டும் பிழைப்பான். இப்படி ஒரு துப்பாக்கியின் வலுவில் கை வைக்காமலேயே அதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், அதை ரசிக்கத்தான் வேண்டும். கேம் காசில் விலை 4,750 டாலர், ஏகே 2,700தான். ரைபிளால் ஒருவனைச் சாய்த்தால் 300 டாலர் வரும், இதில் வெறும் 100. செத்தால் காசும் போச்சு, எதிரி அதையே எடுத்து நம் ஆளைச் சுடுவான். நீ மொபைலில் பிஜிஎம்ஐ ஆடும்போது ஏடபிள்யூஎம் ஸ்னைப்பருக்காக வானத்திலிருந்து விழும் ஏர்டிராப் பெட்டியைப் பார்த்து ஓடுவாயே, அங்கே அதிர்ஷ்டம், இங்கே சிக்கனம். 2015இல் ஸ்கோப் போட்டபடி நடக்கும் வேகத்தைக் குறைத்தபோது நான்தான் பெரிதாகக் கத்தினேன், இப்போது யோசித்தால் சரிதான் என்று படுகிறது.

ஆனால் அந்த ஐந்து குண்டு இருக்கிறதே! 2022 நவம்பரில் மேகசினில் பத்தாக இருந்ததை ஐந்தாக்கினார்கள், இன்று வரை எனக்கு ஜீரணமாகவில்லை. எதிரணியில் ஐந்து பேர், குண்டும் ஐந்து, கணக்கு சரிதானே என்பார்கள். தப்பாமல் சுடுகிறவனுக்குச் சரி. நான் புகைக்குள் குத்துமதிப்பாக இரண்டு போடுகிற ஜாதி, ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் போல்ட் இழுக்க ஒன்றரை விநாடி, அப்புறம் ரீலோடுக்குக் கிட்டத்தட்ட நாலு விநாடி. பாதி ஆட்டத்தில் நான் ரீலோட் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சாகிறேன். வேகத்தைக் குறைத்ததில் ஒரு நியாயம் இருந்தது, இது என்னைப் போன்றவனை மட்டும் குறிவைத்து அடித்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஏகேயோடு திரிந்த அந்த இரண்டு வாரத்தில் எதிரி ஆப்பின் சத்தத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி புகைக்குள் ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனான். ஐந்தாவது சத்தம் கேட்டதும் பாய்ந்தேன், அன்றைக்கு அந்த மேகசினைக் குறைத்தவன் கைக்கு முத்தம் கொடுத்திருப்பேன். ஆனால் அவன் ரீலோடே போடவில்லை, டீகிள் பிஸ்டலை எடுத்து நெற்றியில் ஒன்று போட்டுவிட்டான். அது வேறு கதை.

ஆகவே தம்பி, வேண்டாம். ஏகே பழகு, காசும் மிஞ்சும், டீமும் திட்டாது.

மவுஸ் திரும்பி வந்த அன்று ராத்திரி டீமில் இரண்டு பேரிடம் கவசம் வாங்கக்கூடக் காசில்லை, நான் ஆப் வாங்கினேன். ஸ்விட்ச் மாற்றிய கடைக்காரர் லெஃப்ட் கிளிக்கும் தேய்ந்திருக்கிறது சார், அதையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருந்தார். ஐந்து குண்டுக்கு இது தாங்கும், விடுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.