நாடகத்துக்கு ஒரு புரொஜெக்டர்: லூமன் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

"நாடகத்துக்கு எத்தனை லூமன் புரொஜெக்டர் காணும்?" பள்ளிக்கூட ஆசிரியர்கள், திருவிழாக் குழுக்கள், புதிதாக நாடகம் போட வெளிக்கிட்ட பொடியள் என்று என்னிடம் வருகிற எல்லோரும் கேட்பது இதைத்தான். லூமன் என்றால் புரொஜெக்டர் வெளிவிடும் ஒளியின் அளவு. எங்கள் குழுவிடம் இருப்பது 5000 லூமன், 3எல்சிடி (மூன்று எல்சிடி தகடுகளால் படத்தை உருவாக்கும் வகை), 1920×1200 புள்ளிகள், லாம்ப் வகை. கொழும்பில் வாங்கியது. அந்த மாடல் இப்போது கடைகளில் இல்லாததால் பெயர் சொல்லிப் பயனில்லை. அதைப் பல வருடங்களாக மண்டபம், பள்ளிக்கூட ஹோல், கோயில் வீதி என்று காவித் திரிந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. படம் எதுவும் காட்டத் தேவையில்லாத நேரத்தில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லூமன் அதற்குப் பிறகுதான்.

வகுப்பறையிலும் கூட்டங்களிலும் இந்தப் பிரச்சினை தெரியவே தெரியாது. கறுப்பு ஸ்லைட் போட்டால் கறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் உள்ளே லாம்ப் எரிந்துகொண்டுதான் இருக்கும். எல்சிடி தகடானாலும் சரி, டிஎல்பி என்ற மற்ற வகையின் நுண்கண்ணாடிகளானாலும் சரி, அந்த ஒளியை முழுதாக மறிப்பதில்லை. கொஞ்சம் கசியும். மேடை லைற் எல்லாம் அணைந்ததும் அந்தக் கசிவு பின்திரையில் சாம்பல் நிறச் சட்டமாக நிற்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் கதாநாயகன் இறந்து விழுந்து, லைற் அணைந்து, அவர் எழும்பி உள்ளே போக வேண்டிய இடம். முன்வரிசைச் சின்னப் பெடியன் ஒருவன், "அம்மா, செத்தவர் எழும்பிப் போறார்!" என்று கத்திவிட்டான். அழுதுகொண்டிருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நெறியாளர் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

ரிமோட்டில் உள்ள "ஏவி மியூட்" பொத்தான் இதற்குப் போதும் என்று கடைக்காரர் சொல்வார். சில மாடல்களில் அதை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு வந்து ஒளிப்பாதையை மறைக்கும், அப்போது முழு இருட்டு. வேறு பல மாடல்களில் அது வெறும் கறுப்புப் படத்தைத்தான் போடும், அதே சாம்பல் சட்டம் அங்கேயே நிற்கும். வாங்குமுன் கடையின் லைற்றை அணைக்கச் சொல்லி, மியூட்டை அழுத்திச் சுவரைப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். எப்சனின் பல மாடல்களில் லென்ஸுக்கு முன்னால் கையால் தள்ளுகிற மூடி ஒன்று உண்டு. நல்ல விடயம், ஆனால் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதோடு, மூடி 30 நிமிடம் மூடியே இருந்தால் புரொஜெக்டர் தானாக அணைந்துவிடும்படி செட்டிங் இருக்கும். ஒரு மணி நேரக் காட்சிக்குப் பிறகுதான் படம் வருகிறது என்றால் அதை மெனுவில் நிறுத்திவைக்க வேண்டும்.

எங்களுடையதில் தகடு கிடையாது. அதனால் நாங்களே ஒன்று செய்துகொண்டோம். ஒரு கொப்பி மட்டை அளவு மெல்லிய அலுமினியத் தகடு, பளபளப்பில்லாத கறுப்பு நிறம் பூசியது. மேல் விளிம்பில் சின்ன அலுமாரிப் பிணைச்சல். லென்ஸிலிருந்து ஒரு சாண் முன்னால் நிற்கும், ஏனென்றால் ஒட்டி வைத்தால் சூடேறும். ஒரு மீன்பிடி நரம்பு மேல்வளையம் ஒன்றின் ஊடாக என் கதிரைக்கு வரும். இழுத்தால் திறக்கும், விட்டால் தன் பாரத்தில் விழுந்து மூடும். முதலில் விழும்போது "டக்" என்று சத்தம் வந்தது, கீழ் விளிம்பில் பாத்திரம் கழுவும் பஞ்சை ஒட்டியதும் போய்விட்டது. டிஎம்எக்ஸ் என்ற மேடை லைற் கட்டுப்பாட்டு முறையில் லைற் போர்ட்டோடு சேர்ந்து இயங்கும் ஷட்டர்களும் விற்பனைக்கு உண்டு. வசதி இருந்தால் அதை வாங்கலாம். நரம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நடிகர் வசனத்தை இழுத்தால் நானும் கையை மெதுவாக விடலாம்.

அடுத்தது லென்ஸ். எறிதூரத்தை, அதாவது லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தை, படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவதுதான் த்ரோ விகிதம். எங்களுடையது 1.5. ஐந்து மீற்றர் அகலப் படத்துக்கு ஏழரை மீற்றர் பின்னால் போக வேண்டும். கடதாசியில் இது சிம்பிளான கணக்கு. பள்ளிக்கூட ஹோலில் ஏழரை மீற்றர் பின்னால் என்றால் சனத்துக்கு நடுவில். தலைகளுக்கு மேலால் அனுப்ப உயரத்தில் வைத்தால் வருவது மின்விசிறி. எங்கள் ஹோல்களில் கூரை உயரமாக இருந்தாலும் விசிறி நீளக் குழாயில் கீழே தொங்கும். ஒளிக்கதிர் அதன் இதழ்களுக்குள்ளால் போனால் படம் படபடவென்று வெட்டும். விசிறியை நிறுத்தலாம் என்று சொல்கிறவர் சித்திரை மாத வெக்கையில் நூறு பேரோடு அந்த ஹோலுக்குள் இருந்து பார்க்க வேண்டும். அதே விசிறிக் காற்றில் பின்திரை ஆடி, படத்திலுள்ள வீடும் சேர்ந்து ஆடும். அதற்கு வழி இலகு: திரையின் அடியில் மடித்துத் தைத்து ஒரு இரும்புக் குழாயைச் செருகிவிடுவது.

இதனால்தான் இன்று வாங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது, குறைந்த த்ரோ விகிதம் உள்ளதைத் தேடுங்கள் என்பது. 0.8 கிடைத்தால் அதே ஐந்து மீற்றர் படத்துக்கு நாலு மீற்றர் போதும். மேடைக்கு முன்னால் மேலே கட்டலாம், அல்லது ஆழமான மேடையில் திரைக்குப் பின்னாலிருந்தும் போடலாம். பின்னாலிருந்து போட்டால் நடிகரின் நிழல் விழாது. ஆனால் சாதாரண வெள்ளைத் துணி அதற்குச் சரிவராது, நடுவில் லென்ஸ் ஒரு பிரகாசமான பொட்டாகத் தெரியும். அதற்கென்று உள்ள திரைச்சீலை வேண்டும்.

லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். புரொஜெக்டரைச் சரிக்காமல் படத்தை மட்டும் மேலே கீழே நகர்த்துகிற வசதி அது. இல்லாதவர்கள் பெட்டியைச் சரித்துவைத்து, கீஸ்டோன் கொண்டு படத்தை நேராக்குவார்கள். கீஸ்டோன் செய்வது, படத்தை எல்சிடி தகட்டுக்குள்ளேயே சுருக்கி நேராகக் காட்டுவது. புள்ளிகள் வீணாகும், எழுத்து மங்கும். நாடகத்துக்கு அதைவிட மோசம், சுருக்கியதால் மிஞ்சிய ஓரங்களிலிருந்தும் அந்தச் சாம்பல் ஒளி கசியும். நேரான படத்தைச் சுற்றிக் கோணலாக ஒரு மங்கல் சட்டம் நிற்கும்.

சரி, லூமனுக்கு வருவோம். 5000 லூமனை 5 மீற்றர் அகலம், 3.1 மீற்றர் உயரத்துக்குப் பரப்பினால் 320 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 320 லூமன் அளவில் வரும். எட்டு மீற்றர் அகலத்துக்கு விரித்தால் 125 ஆகிவிடும். 2023 இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட யாழ்ப்பாணக் கலாசார மையம் (இப்போது யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்) போன்ற பெரிய அரங்கின் பின்திரையை நிரப்ப எங்கள் பெட்டி காணாது, அங்கே 10,000க்கு மேல் யோசிக்க வேண்டும். பள்ளிக்கூட மேடைக்கு 5000 தாராளம், முன் லைற்றைக் கட்டுப்படுத்தினால். வாடகை லைற்காரர் எல்ஈடி பார்களை முன்னாலிருந்து நேராக அடித்துவிட்டுப் போனால் 10,000 லூமனும் வெளிறித்தான் தெரியும். நடிகரைத் திரையிலிருந்து ஒன்றரை இரண்டு மீற்றர் முன்னுக்குக் கொண்டுவந்து, லைற்றைப் பக்கவாட்டிலிருந்தும் செங்குத்தாக மேலிருந்தும் போட்டு, மேடைத் தரைக்குக் கறுப்புத் துணி விரித்துப் பாருங்கள். வெளிர் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளிதான் திரையை அதிகம் கெடுக்கிறது. திரைத் துணியையும் நாங்கள் வெளிர் சாம்பல் நிறத்தில் எடுத்தோம், கறுப்பு கொஞ்சம் ஆழமாக வரும். பகலில் ஜன்னல் திறந்த ஹோலில் நடக்கும் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் புரொஜெக்டர் கேட்டால் நான் தருவதில்லை. தந்தும் பிரயோசனமில்லை.

இணையத்தில் கையடக்கப் பெட்டிகளுக்குப் "பத்தாயிரம் லூமன்" என்று போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். ஏஎன்எஸ்ஐ லூமன் அல்லது ஐஎஸ்ஓ 21118 என்ற அளவீட்டுத் தரம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, எல்லா ஆற்றுகைக்கும் இது தேவையில்லை. வட்டக்களரியில், அதாவது வட்டமான திறந்த ஆடுகளத்தில், ஆடும் கூத்தில் புரொஜெக்டருக்கு இடமே கிடையாது. சுற்றிவரச் சனம் இருக்கிறது, காட்டையும் அரண்மனையையும் பாட்டும் ஆட்டமும் கொண்டுவந்துவிடும். இசை நாடகத்துக்குத் தெருச் சீன், காட்டுச் சீன், தர்பார் சீன் என்று வரைந்த திரைகள் இருந்த இடத்தில் இப்போது இணையத்தில் எடுத்த காட்டுப் புகைப்படத்தைப் போடச் சொல்கிறார்கள். போட்டுப் பார்த்த, நாடகம் பழக்கும் ஒரு அண்ணாவியார், "தம்பி, உந்தக் காடு என்னைவிட உண்மையாக் கிடக்கு, நிப்பாட்டு" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பழைய சீன் துணியையே படமெடுத்துப் போட்டோம், பொருந்தியது.

மின்சாரம் தனிக் கதை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் வெட்டினார்கள். அந்தக் காலம் போனாலும் திருவிழா மேடை என்றால் ஜெனரேற்றர்தான். லாம்ப் வகைக்குத் திடீரென்று கரண்ட் போவது ஆகாது. பெட்டிக்குள் உள்ள விசிறி நின்றுவிடும், உள்ளே உள்ள சூடு லாம்பைத் தின்னும். மீண்டும் கரண்ட் வந்தாலும் ஆறும்வரை எரியாது. லேசர் வகையில் அந்தக் காத்திருப்பு இல்லை, உடனே வரும். எங்கள் பெட்டி 400 வாட்டுக்கு மேல் இழுப்பது, அதனால் 1 கேவிஏ யூபிஎஸ் போட்டிருக்கிறோம். ஜெனரேற்றர் மாறும் இடைவெளியைத் தாங்கும், அவ்வளவுதான். மலிவான யூபிஎஸ்கள் ஜெனரேற்றரின் ஏற்ற இறக்கத்தைக் கண்டதும் அடிக்கடி பற்றரிக்குப் பாய்ந்து, நாடகம் முடியுமுன் பற்றரியை முடித்துவிடும். முதல் நாளே அதே ஜெனரேற்றரில் ஓட்டிப் பாருங்கள்.

வயர் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10, 15 மீற்றரைத் தாண்டினால் நம்பிக்கையில்லை. நாங்கள் ஃபைபர் எச்டிஎம்ஐக்கு மாறினோம். அதற்கு லப்டொப் பக்கம், புரொஜெக்டர் பக்கம் என்று திசை உண்டு, மாறிக் கொழுவினால் படமே வராது. இழுத்துவிட்ட பிறகு தெரிந்தால் மண்டபம் முழுக்கத் திரும்ப இழுக்க வேண்டும். மெனுவில், சிக்னல் இல்லாதபோது வரும் நீலத் திரையையும் நிறுவனச் சின்னத்தையும் கறுப்பாக்குங்கள், சிக்னல் தேடும் அறிவிப்பையும் அணையுங்கள். லப்டொப்பில் இணையத்தைத் துண்டியுங்கள். சோகக் காட்சியில் வட்ஸ்அப் செய்தி ஏறி வந்ததை வேறொரு குழுவின் ஆற்றுகையில் பார்த்திருக்கிறேன். பவர்பொயின்றில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வசதி: காட்சி ஓடும்போது விசைப்பலகையில் ஆங்கில "பி" எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், திரும்ப அழுத்தினால் படம் வரும். எழுத்துப் போடுவதென்றால் பாமினி எழுத்துருவில் அடித்த ஸ்லைட்டை இன்னொரு லப்டொப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். படமாக மாற்றிக் கொண்டுபோங்கள், அல்லது யூனிகோட்டில் அடியுங்கள்.

பராமரிப்பில் வலிகாமத்துச் செம்மண் தூசிதான் முதல் எதிரி. ஒவ்வொரு ஆற்றுகைக்கு முன்னும் ஃபில்டரைக் கழற்றித் தட்டுகிறோம். புகை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தால் அந்த ஈரப் பிசுக்கு லென்ஸிலும் ஃபில்டரிலும் படியும். திறந்தவெளியில் விட்டில்கள் லென்ஸுக்கு வரும், பின்திரையில் ஆளளவு இறக்கை அடிக்கும். அதற்கு மருந்து இல்லை. கார்த்திகை மார்கழி மழைக்குப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பைகள் போட்டுவைக்கிறோம். சத்தம், முழு வெளிச்சத்தில் முன்வரிசைக்குக் கேட்கும். மெனுவில் உள்ள ஈகோ முறையில் போட்டால் குறையும், வெளிச்சமும் குறையும். மெல்லிய வசனம் உள்ள நாடகத்துக்கு நான் ஈகோவைத்தான் தெரிவுசெய்வேன்.

வருடங்கள் போகப் போகப் படத்தின் ஒரு மூலையில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருக்கிறது. எல்சிடி வகையில் நீல ஒளிப் பக்கத்துப் பகுதிகள் சூட்டில் தேய்வதால் வருவது. நாடகத்தில் பெரிதாகத் தெரியாது, வெள்ளைப் பின்னணி போட்டால் தெரியும். லாம்பும் தன் ஆயுளின் கடைசிக்கு வரும்போது பாதி வெளிச்சத்துக்கு இறங்கும். லாம்ப் மாற்றுவதில் மலிவு பார்த்தால் நிறமும் வெளிச்சமும் மாறும். 2022 இல் ரூபா விழுந்த பிறகு லாம்பின் விலையைக் கேட்டே நாங்கள் ஒரு நாடகத்தைப் படமில்லாமல் போட்டோம். நாடகத்துக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்ஈடி சுவர் வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். இசை நிகழ்ச்சிக்கு எடுக்கலாம். நாடகத்தில் அது நடிகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் கூசவைத்து முகத்தை இருட்டாக்கும்.

இப்போது வாங்குவதென்றால் லேசர், குறைந்த த்ரோ, லென்ஸ் ஷிஃப்ட், உள்ளே ஷட்டர் என்ற வரிசையில் தேடுவேன். லேசர் மூலத்துக்குப் பொதுவாக 20,000 மணி நேரம் சொல்கிறார்கள், லாம்ப் செலவு மிச்சம். பழையது வாங்குகிறவர்கள் மெனுவில் லாம்ப் மணித்தியாலத்தை மட்டும் நம்பக்கூடாது, அதைப் பூச்சியத்துக்குத் திருப்பலாம். மொத்தமாக ஓடிய மணித்தியாலம் தனியாக இருந்தால் அதைப் பாருங்கள். முழு வெள்ளைப் படம் போட்டு மஞ்சள் திட்டு இருக்கிறதா, முழுக் கறுப்புப் போட்டு வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மணித்தியாலமாவது தொடர்ந்து ஓடவிட்டு, விசிறிச் சத்தம் மாறுகிறதா என்று கேட்ட பிறகு காசைக் கொடுங்கள்.