பழைய ஜாய்ஸ்டிக்கை விண்டோஸ் 11-இல் இயக்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் கவனம்: 6,850 ரூபாய் போய்விட்டது

பழைய பொருள்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில், பழைய கேம் கன்ட்ரோலர்களைப் புதிய கணினிகளில் இயக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒருவரிடம் சென்ற வாரம் 6,850 ரூபாயை இழந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை. நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். இதே வேலைக்கு ஆள் தேடுபவர்களுக்கான யோசனைகளையும் இறுதியில் தருகிறேன்.

என்னிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட் 1997-இல் வெளியிட்ட சைடுவைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் ப்ரோ. விமானம் ஓட்டும் விளையாட்டுகளில் காற்றின் எதிர்ப்பையும் துப்பாக்கியின் உதைப்பையும் உள்ளே இருக்கும் மோட்டார்களால் கைக்கு உணர்த்தும் ஜாய்ஸ்டிக் அது. பழைய கணினிகளில் ஜாய்ஸ்டிக்குக்கென்று இருந்த 15 பின் கேம் போர்ட்டில் செருக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி வரை அந்தப் போர்ட்டுக்கு இடமிருந்தது. அடுத்து வந்த விஸ்டாவில் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். ஆகவே, ஸ்டிக்குக்கும் கணினியின் யூஎஸ்பி போர்ட்டுக்கும் இடையில் வைக்க ஒரு கன்வெர்ட்டரைத் தேடினேன்.

விற்பவர் எடுத்த எடுப்பில் விலை பேசவில்லை. ஸ்டிக்கின் அடியில் உள்ள லேபிளையும் பின்களையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "சார், இது ஃபோர்ஸ் ப்ரோ ஆச்சே, பவர் சப்ளை பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். இந்த மாடலுக்குத் தனி மின்சாரம் வேண்டும் என்பது தெரிந்த ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும். அந்த ஒரு கேள்விதான் என்னை நம்ப வைத்தது. "மோட்டார் எல்லாம் வேலை செய்யும் சார், நான் பொறுப்பு" என்றார். கன்வெர்ட்டருக்கு 2,350 ரூபாயைத் தளத்தின் வழியாகவும், கணினியில் அமைத்துத் தருவதற்கு 4,500 ரூபாயை அவர் கேட்டபடி யூபிஐயிலும் அனுப்பினேன். மொத்தம் 6,850 ரூபாய்.

வந்தது, கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண கன்வெர்ட்டர். ஸ்டிக்கை அசைக்கும்போது மாறும் மின்தடையை அளந்து, நான்கு அச்சுகளையும் நான்கு பொத்தான்களையும் மட்டும் சொல்லும் வகை அது. சைடுவைண்டரோ பொத்தான்களுக்கான கம்பிகளிலேயே டிஜிட்டல் முறையில் தகவல் அனுப்புவது. மோட்டார்களுக்கான கட்டளைகள் அதே போர்ட்டில் இசைக் கருவிகளுக்கென்று இருக்கும் மிடி கம்பி வழியாகப் போக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இவை இரண்டுக்குமே வழி கிடையாது. எத்தனை டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) போட்டாலும் அது இயங்கியிருக்காது. இது தெரியாதவர் பவர் சப்ளையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.

அமைத்துத் தருகிறேன் என்று தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைந்தார். கணினி தொடங்கும்போது நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை என்னை அணைக்கச் சொல்லிவிட்டு, மைக்ரோசாஃப்ட் சான்றளிக்காத டிரைவர்களை அனுமதிக்கும் டெஸ்ட் மோடை இயக்கினார், மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பையும் நிறுத்தினார். அதன்பிறகு திரையின் வலது கீழ் மூலையில் டெஸ்ட் மோட் என்ற எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. கேம் கன்ட்ரோலர் சோதனைச் சன்னலைத் திறந்தால், கட்டத்துக்குள் இருக்கும் சிறு கூட்டல் குறி இடது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு அசையவேயில்லை. விசையை அழுத்தினால் ஒரு பொத்தான் விளக்குகூட எரியவில்லை. "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், செட் ஆயிடும்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

பிறகு தொடங்கியது தட்டிக்கழிப்பு. முதலில் விண்டோஸ் அப்டேட்மேல் பழி, அடுத்து என் மதர்போர்டுமேல். கடைசியாக, "ஸ்டிக் செத்துப்போச்சு சார், அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார். நண்பர் வீட்டிலுள்ள பழைய எக்ஸ்பி கணினியில், கேம் போர்ட் உள்ள சவுண்டு கார்டில் அதே ஸ்டிக்கைச் செருகினோம். கைப்பிடியைப் பற்றியதும் அதிலுள்ள உணரி விழித்து மோட்டார்கள் இழுக்கத் தொடங்கின. அதை வீடியோ எடுத்து அனுப்பினேன்; பதிலாக என் எண்ணைத் தடை செய்தார். தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ, கன்வெர்ட்டர் விளம்பரத்தில் உள்ளபடியே வந்திருப்பதாகவும், 4,500 ரூபாய் தங்கள் வழியாக வராததால் அதற்குப் பொறுப்பில்லை என்றும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறது. 6,850 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

யோசனைகளை விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை; அவசியமானதை மட்டும் சொல்கிறேன். டிஜிட்டல் சைடுவைண்டர்களுக்குச் சாதாரண கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். டீன்சி போன்ற மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) பலகையில் இந்த மாடலுக்கென்றே எழுதப்பட்ட இலவச நிரல் உண்டு, அதைத் தேடுங்கள். உங்கள் மாடலே இயங்கும் வீடியோவைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னால் அந்த நொடியே இணைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுங்கள், நானும் கொடுத்திருக்கிறேன்.