அரங்கேற்ற உடையை முந்தைய நாள் இரவில் வாங்காதீர்கள்

மார்கழி நிகழ்ச்சிகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் உடை தைக்கக் கொடுப்பவர்கள் கடை ஏறத் தொடங்கும் நேரம் இது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்கிறார் என் கணவர். சென்னையில், பரதநாட்டிய உடை, நகை, மேடை அலங்காரம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் செய்துதரும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலிலேயே என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தையல் தெரியும். 17 வருடமாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஒரு ரவிக்கையைத் திருப்பிப் பார்த்தால் அதை எத்தனை முறை பிரித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் நாட்டிய உடை வேறு வித்தை. கால்களுக்கு நடுவே விரியும் விசிறி மடிப்பும் பைஜாமாவும் என் கைக்குப் பழக்கமில்லை. மகளின் அரங்கேற்றத்தில் சோதனை செய்து பார்க்க மனம் வரவில்லை. அதனால்தான் கடைக்குப் போனேன்.

இரண்டு உடைகள். முதல் பாதிக்கு, தொடக்க உருப்படியான அலாரிப்பிலிருந்து நடுவில் வரும் நீண்ட உருப்படியான வர்ணம் வரைக்கும், என் மாமியாரின் அரக்குப் பட்டுப் புடவை. காஞ்சிபுரத்தில் எடுத்த கலியாணப் புடவை, அசல் ஜரிகை. முந்தானைக்குச் சற்று மேலே கரையோரம் எலி கடித்த இடத்தில், பத்து வருடங்களுக்கு முன் நானே இழையோட்டியிருந்தேன். நூலின் நிறம் கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். பிற்பாதியில் வரும் பதத்துக்கும் தில்லானாவுக்கும் இரண்டாவது உடை. அதற்குப் பட்டு நாங்களே எடுத்துத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்னார். பட்டுக்கு 9,000, இரண்டு உடைக்கும் தையல்கூலி 8,000, தலைசாமான் (நெற்றிச்சுட்டி முதலான தலை நகைகள்) உட்பட நகை வாடகை 3,000, ஆக 20,000 ரூபாய். முன்பணம் 12,000 கொடுத்தேன். ஒரு துண்டுத் தாளில் 12,000 என்று எழுதி, கீழே கோடு இழுத்துக் கொடுத்தார். தேதி இல்லை, என்ன வேலை என்பது இல்லை, மீதித் துணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் தைக்கும் 200 ரூபாய் ரவிக்கைக்குக்கூட நோட்டில் அளவும் தேதியும் எழுதி வைப்பேன். அன்று அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுவதாகப் பேச்சு. மூன்று வாரம் இரண்டானது. "அக்கா, டெய்லர் மாஸ்டருக்குக் காய்ச்சல்." இரண்டு ஒன்றானது. "அக்கா, ஹூக் மட்டும் வைக்க வேண்டும்." ஒருநாள் நேரிலேயே போனேன். உடை அண்ணா நகர் கிளையில் இருக்கிறது என்றார். அண்ணா நகருக்குப் போன் செய்தால், அது மெயின் கடையில்தான் இருக்கிறது என்றார்கள். நான் கோபப்பட்டேனா என்றால், இல்லை. அரங்கேற்றம் நெருங்கும்போது உடை அவர்கள் கையில் இருக்கிறது, கோபம் எப்படி வரும்? கெஞ்சல்தான் வரும். "தம்பி, பார்த்துச் செய்து கொடுங்கள்" என்று குழைந்து பேசிவிட்டு வந்தேன்.

கடைசியில் முந்தைய நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்தான். மீதி 8,000 கொடுத்தால்தான் பையைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான். கொடுத்தேன். வீடு முழுக்க உறவினர்கள், மருதாணி வைத்த கைகள், மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஒப்பனைக்காரர் வருகிறார். அந்த நேரத்தில் யார் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பார்கள்?

பத்து மணிக்கு மகள் உடையைப் போட்டுப் பார்த்தாள். நின்றபோது அழகாகத்தான் இருந்தது. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி தாழும் அரைமண்டியில் உட்கார்ந்தாள். விசிறி பாதியில் நின்றுவிட்டது. கால்கள் பக்கவாட்டில் விரிய விரிய அது கூடவே மலர வேண்டும். இது இரண்டு கைப்பிடி அகலம் விரிந்து, முழங்காலைப் பிடித்து இழுத்தது. கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்து மூன்று மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்துக் கைத்தையல் போட்டிருந்தார்கள். என் மகளின் உயரத்துக்கு அந்தத் தையல் தேவையே இல்லை. குட்டையான பிள்ளைக்கு விசிறி அளவுக்கு மீறிப் பரவாமல் இருக்கத்தான் அப்படிப் பிடிப்பார்கள்.

அப்போதுதான் ரவிக்கையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன்.

பருத்தியில் தையலைப் பிரித்தால் ஒருமுறை துவைத்ததும் ஊசித்துளை மூடிக்கொள்ளும். பட்டு அப்படி இல்லை, ஊசி போன இடத்தை அது மறக்காது. பக்கத்துத் தையலிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே, அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும், நூலே இல்லாத துளைகள் வரிசையாக, விளக்கு வெளிச்சம் புள்ளிப்புள்ளியாகத் தெரியும்படி ஓடின. இரண்டு பக்கமும் அப்படியே. ஒல்லியான யாருக்கோ பிடித்துத் தைத்து, பிறகு பிரித்து விட்டிருக்கிறார்கள். அக்குள் லைனிங்கில் காய்ந்த வியர்வையின் வெள்ளை வளையம். கழுத்துப் பட்டியின் உள்ளே ஒப்பனைப் பூச்சு. பைஜாமாவின் கீழ்விளிம்பில், காலுக்கு இடும் ஆல்தாவின் சிவப்பு ஒரு விரல் நீளத்துக்கு. என் மகள் அதுவரை ஆல்தா இடவே இல்லை.

உடை தாமதமாகத் தைக்கப்படவில்லை. சொன்ன தேதிக்கு முன்பே தைத்து முடித்து, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. பத்து நாள் முன் அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பெண்குழந்தை அரக்கு உடையில் நின்ற படம் வந்தது. நம் புடவையின் நிறம்போலவே இருக்கிறதே, எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று நினைத்து நானே கட்டைவிரல் உயர்த்திய பொம்மையை அனுப்பினேன். அதைப் பார்த்த என் தங்கை அன்றைக்கே படத்தைச் சேமித்து வைத்திருந்தாள், தன் மகளுக்கும் இப்படி ஒன்று தைக்கலாம் என்று. இரவு பதினொரு மணிக்கு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மேலாக்கின் ஓரத்தில், நிறம் கொஞ்சம் தூக்கலாக, என் இழையோட்டல்.

அழவும் நேரமில்லை. விசிறியின் கைத்தையலைப் பிரித்தேன். மடிப்பு மறுபடி படிந்துகொள்ள ஈரத்துணி வைத்து, மேலே தாள் போட்டு இஸ்திரி போட்டேன். ஜரிகை மேல் நேராகச் சூடு வைக்கக் கூடாது, கறுத்துவிடும். ரவிக்கைத் துளைகளை மேலாக்கு மறைத்துக்கொண்டது, அந்த மட்டும் புண்ணியம். படுக்க மணி இரண்டாகிவிட்டது. மகளிடம் வாடகை விஷயத்தைச் சொல்லவில்லை. நாட்டிய டீச்சரிடம் மட்டும் காலையில் சொன்னேன். "முதலில் ஆடட்டும்" என்றார்.

மேடை அலங்காரத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. சாமந்திச் சரம் என்று பேசியது பிளாஸ்டிக் சரமாக வந்தது. தெர்மக்கோல் வளைவில் அடித்த தங்க வண்ணம் காயவில்லை, மிருதங்கக்காரரின் வெள்ளை ஜிப்பா முதுகில் அரை வட்டமாக ஒட்டிக்கொண்டது. நெற்றிச்சுட்டியின் கெம்புக் கற்களில் இரண்டு பசை விட்டு, சப்தம் என்ற உருப்படி முடிவதற்குள் உதிர்ந்தன. இவை எல்லாக் கல்யாண வீட்டிலும் நடக்கும் சில்லறைக் கோளாறுகள்.

இரண்டாவது உடை அப்படி அல்ல. தில்லானா முடிந்து உள்ளே வந்த பிள்ளையின் முதுகு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. மறுநாள் உள்மடிப்பிலிருந்து நான்கு இழை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். பட்டு எரிந்தால் தலைமுடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சுருண்டு, கறுப்பு மணியாக இறுகியது, நகத்தால் உடைக்க முடியவில்லை. சுத்தமான பாலியஸ்டர். 9,000 ரூபாய்ப் பட்டு! அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் முத்திரைச் சீட்டு, மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் இருக்கிறது. புடவையாக வாங்கும்போது அந்தச் சீட்டைத் தேடுகிற நாம், தைத்த உடையாக வாங்கும்போது கேட்பதே இல்லை. வெட்டித் தைத்தபின் சீட்டு எங்கே இருக்கும்? வெட்டுவதற்கு முன், முழுத் துணியாக இருக்கும்போதே காட்டச் சொல்ல வேண்டும்.

நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் இந்தத் தைத்த உடை பரவியது என்று டீச்சர் சொல்வார். அதற்கு முன் பைஜாமாவின் மேல் புடவையையே கட்டிக்கொண்டு ஆடினார்களாம். கட்டி அவிழ்த்தால் அது மறுபடி புடவை, பெட்டிக்குள் போய்விடும். தையல் வந்தபிறகுதான் நம் துணி வாரக்கணக்கில் இன்னொருவர் வீட்டில் தங்குகிறது. தைத்த உடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வர்ணத்துக்குப் பிறகு சில நிமிடங்களில் உடை மாற்றுவதற்கு வேறு வழியும் இல்லை. அன்று இரவு தோன்றியதைச் சொல்கிறேன்.

நான்கு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன். "அளவு பார்க்க ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தோம் அக்கா" என்றார். அளவு பார்க்க என் மகள் இருக்க வேறு பிள்ளை எதற்கு? அளவு பார்க்கிற பிள்ளைக்கு ஆல்தாவும் தலைசாமானும் எதற்கு? பதில் இல்லை. மீதித் துணி எங்கே என்றேன். ஐந்தரை மீட்டர் புடவை, 14 வயதுப் பிள்ளை. ரவிக்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஒரு மீட்டராவது மிஞ்சியிருக்கும். "துண்டு துண்டாகப் போய்விட்டது" என்றார். முறையான பில் கேட்டேன். பில் போட்டால் வரி தனி என்றார்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டியது அதன்பிறகுதான். விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் கொடுக்காமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே, பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் துண்டுத் தாள், படம், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் பதிந்தேன். மூன்றாம் வாரம் கடையிலிருந்து 5,000 ரூபாய் வந்தது, "நல்லெண்ணத்துக்காக" என்ற குறிப்போடு. பாலியஸ்டரைப் பற்றியும் மீதித் துணியைப் பற்றியும் பேச்சே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியாகிவிட்டது. இரண்டு வருடம்வரை அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரைக்குமான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

தைக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்கு, ஒரு தையல்காரியாக. புடவையைக் கொடுக்கும் முன் விரித்து வைத்துக் கரை, முந்தானை இரண்டையும் படமெடுங்கள். ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் வேறு நிற நூலால் ஒரு சிறு தையல் போட்டு வையுங்கள். என் எலி கடித்த புடவைக்கு அதிர்ஷ்டவசமாக அந்த அடையாளம் இருந்தது, உங்கள் புது நீலப் புடவைக்கு இருக்காது. அளவை நிற்க வைத்து மட்டும் எடுத்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள். அரைமண்டியிலும், முழுக்கத் தாழ்ந்து உட்காரும் முழுமண்டியிலும், கையைத் தலைக்கு மேல் தூக்கியும் எடுக்க வேண்டும். உடை கைக்கு வரும் நாள் அரங்கேற்றத்துக்கு 15 நாள் முன்னதாக இருக்க வேண்டும், அது பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும், மீதித் துணியைத் திருப்பித் தருவதும் அதே பில்லில். வீட்டில் பிள்ளையை உடையோடு ஜதிஸ்வரம் என்ற உருப்படி ஒன்றை முழுதாக ஆட விட்டுப் பார்த்தபிறகுதான் கடைசிப் பணம். ஒத்துக்கொள்ளாத கடை இருந்தால், அதை ஒத்துக்கொள்கிற சின்னத் தையற்காரர் யாராவது நிச்சயம் இருப்பார். நான்கூட இப்போது விசிறி மடிப்புப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடையின் ஸ்டேட்டஸை என் தங்கை இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நேற்று ஒரு படம் வந்தது. பத்து வயதுப் பிள்ளை, மயில்கழுத்து நிறப் பட்டு, பச்சைக் கரையில் சிறிய யானை வரிசை, மேலாக்கின் நுனியில் இரண்டு யானை மட்டும் தலைகீழாக நெய்திருக்கிறது. உங்கள் புடவையா? இன்றைக்கே போய்க் கேளுங்கள்.