பத்மினி சாமான் கடையில் இல்லை, பட்டறையில் இருக்கு

நாகர்கோவிலில் பிரீமியர் பத்மினி என்ற பழைய கார் வைத்திருப்பவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் போய் நின்று பிரயோஜனம் இல்லை. தயாரிப்பு 2000 வாக்கிலேயே நின்றுபோச்சு. அதுக்குப் பிறகும் சாமான் வந்துகொண்டிருந்தது என்றால், மும்பை டாக்சிக்காரர்கள் புண்ணியம். அங்கேயும் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ஓய்ந்தது. இப்போ கிடைப்பதில் பாதி டூப்ளிகேட்; மாட்டும்போது பொருந்தும், ஓட்டும்போது தெரியும். என் வண்டியை இத்தனை வருஷம் ரோட்டில் வைத்திருப்பது காருக்குச் சம்பந்தமில்லாத தொழில்காரர்கள்தான்.

என்னுடையது ஸ்டியரிங் கியர், அதாவது கியர் லிவர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பிகளின் மூட்டில் உள்ள புஷ் (சின்ன வளையம்) தேய்ந்தால் லிவர் தொளதொளவென்று ஆடும், ரிவர்ஸைத் தேடித்தான் பிடிக்கணும். கடையில் வாங்கிய புஷ் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. கோட்டாறு பக்கம் ஒரு லேத்தில் நைலான் ராடில் கடைந்து வாங்கினேன். லேத்துக்கார அண்ணாச்சி, புஷ்ஷுக்குள் போகும் பின்-ஐ வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டு, புஷ்ஷின் துளையை வேண்டுமென்றே மயிரிழை பெரிசாக விட்டார். "டைட்டா போட்டா மழைக்குப் பிடிச்சுக்கிடும், பாத்துக்கிடுங்க" என்றார். நைலான் ஈரத்தை இழுத்து உப்பும். தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு மழையும் வாங்குகிற மாவட்டத்தில் இந்த மயிரிழைக்கு மதிப்பு உண்டு. இன்றுவரை ஆட்டமும் இல்லை, பிடித்தமும் இல்லை.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் மார்த்தாண்டம் பக்கம் டயர் ரீட்ரேடிங் பண்ணுகிற இடத்தில் செய்தது. பழைய இரும்புத் தகட்டில் ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்டி, சொல்யூஷன் பூசி, புது ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டினார்கள். அதிர்வு வாங்க நம்ம ஊர் இயற்கை ரப்பரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதனால் ஆயில் லீக்கை முதலில் அடைத்துவிட்டு, மவுண்டிங்குக்கு மேல் ஒரு தகர மறைப்பும் வைத்தோம். இதே காரணத்தால் பெட்ரோல் ஹோஸுக்கு இந்த ரப்பர் ஆகவே ஆகாது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ஸ்டாக் ஹோஸும் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயாபிரம் சவ்வும்கூட நம்பத் தகுந்தவை இல்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். எலக்ட்ரிக் பம்புக்கு மாறுகிறவர்கள் கார்புரேட்டருக்கான குறைந்த பிரஷர் பம்பாகப் பார்க்கணும். இஞ்செக்‌ஷன் வண்டியின் பம்பை மாட்டினால் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும்.

உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. பேட்டரி தட்டு அரித்துக் கொட்டியதும், குளச்சலில் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவரிடம் புதுசு போடச் சொன்னேன். பழைய தட்டின் அளவுக்கு அச்சு எடுத்து, கண்ணாடி நார்ப்பாயை ரெசினில் தோய்த்து அடுக்கடுக்காக வைத்தார். உப்பும் சிந்துகிற ஆசிடும் அதை ஒன்றும் பண்ணவில்லை. கால் வைக்கும் தரைத்தகட்டையும் அப்படியே மூடிவிடலாமா என்றதற்கு, "துரு உள்ள இருந்து தின்னும் மக்கா, வெட்டி எறி" என்று ஒரே போடாகப் போட்டார். தன் கைக்கு வந்த வேலையையே வேண்டாம் என்றவர்! வெட்டி, புதுத் தகடு வெல்டிங் வைத்து, ரெட் ஆக்சைடு அடித்தாச்சு.

ரேடியேட்டர் பித்தளை, செம்பு. ஒழுகினால் ஈயம் வைக்க ஆள் இருக்கும்வரை கவலை இல்லை.

பிரேக்கில் மட்டும் ஒப்பேற்றல் கிடையாது. வீல் சிலிண்டருக்கு லேத்தில் ஸ்லீவ் (உள்குழாய்) போடுவதோடு சரி. உள்ளே போகும் ரப்பர் கப் சரியான அளவில் புதுசாகக் கிடைக்கும்வரை வண்டி ஷெட்டில்தான். அப்படி மாசக்கணக்கில் நின்றும் இருக்கிறது, வீட்டில் பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

முன்கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங்தான் இன்னும் பாக்கி. அந்த வடிவத்துக்குத் தனி டை (அச்சு) வெட்டணும், ஒரு வண்டிக்காக யாரும் வெட்டித் தருவதில்லை. இந்தப் பக்கம் பத்மினி வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்தால் செலவைப் பகிர்ந்து செய்துவிடலாம். என் பழைய பீடிங்கில் கிழியாத துண்டு ஒன்று இருக்கிறது, அளவுக்குத் தருகிறேன்.