கரண்ட் அண்டா வாங்குகிறவர்கள் அடியைத் திருப்பிப் பாருங்கள்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு வீட்டில் இஞ்சி பியர் போட்டு விற்பது எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். (பெயரில்தான் பியர். குடித்தால் தொண்டை காறும், அவ்வளவுதான்.) நல்ல விறகு கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால், இந்த முறை 30 லீட்டர் கரண்ட் அண்டா ஒன்று செய்யக் கொடுத்தேன். கண்டிப் பக்கம் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். விலை 38,000 ரூபாய். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்து இறங்கியது.

"98இல வைங்க அண்ணே, தானா கட் ஆகிடும்" என்றார் பட்டறைக்காரர். கட் ஆகவே இல்லை. நம்ம ஊர் 1,868 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், 98ஐ எட்டவே எட்டாது. அண்டா வற்றிக்கொண்டே இருக்கும். சரி என்று 90க்கு இறக்கினேன். கண்ட்ரோலர் விளக்கு அணைந்தது, கொதி மட்டும் நிற்கவில்லை. உள்ளே ரிலே, அதாவது கண்ட்ரோலர் சொல்கிறபடி கரண்டைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டாமல் என்ன செய்யும்? தண்ணீரைச் சுடவைக்கும் 3,000 வாட் எலிமெண்ட் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ரிலேயின் முதுகிலேயே 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது.

இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அதற்கு முன்பே அம்மா சில்வர் கரண்டியால் இஞ்சியைக் கிண்டப் போனார். ஈரச் சிமெண்டுத் தரை, வெறுங்கால். கரண்டி தெறித்துச் சுவரில் மோதியது, அதே நொடியில் வீடே இருண்டது. போன வருஷம் போட்ட, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கால் நடுங்கியது.

பிளக்கைக் கழற்றிவிட்டு அண்டாவைக் கவிழ்த்தேன். எலிமெண்டின் ரப்பர் வாஷர் வழியே கசிந்த தண்ணீர், மூடியே இல்லாத முனைகளில் சொட்டி நின்றது. வயர் 1.0 சதுர மில்லிமீட்டர் அளவு, இந்த இழுப்புக்குக் குறைந்தது 1.5 வேண்டும். வயிற்றைக் கலக்கியது, கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர்தான். பச்சை மஞ்சள் வயரை ஒட்ட நறுக்கி, டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். எர்த் கொடுத்திருந்தால் தண்ணீர் கசிந்தபோதே சுவிட்ச் விழுந்திருக்கும். இல்லாததால், அண்டா முழுக்கக் கரண்ட் ஏறி யாராவது தொடட்டும் என்று காத்திருந்தது.

பட்டறைக்குப் போன் எடுத்தேன். "வெறுங்காலோட தொட்டா எந்தச் சாமானும் சுர்ருன்னுதான் அண்ணே இருக்கும்." எர்த் வயரை ஏன் நறுக்கினீர்கள் என்றதும் லைன் கட். மறுபடி எடுக்கவே இல்லை.

செய்யக் கொடுப்பவர்கள் காசை எண்ணுவதற்கு முன் அடி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். கரண்டில் மாட்டாமல், மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு வைத்து, அதன் ஒரு முனையை பிளக்கின் எர்த் பின்னிலும் மற்றதை அண்டாவின் உடம்பிலும் வையுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். மீட்டர் வைக்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள். வீட்டு எர்த்தும் சரியா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள், தோட்டத்துப் பழைய லயக் காம்பராக்களில் (வரிசை வீடுகளில்) பல இடத்தில் அது பேருக்குக்கூட இருக்காது.

அண்டா இப்போது விறகடுப்பில் இருக்கிறது. எலிமெண்ட் இருந்த ஓட்டையை அடைக்க இன்னொரு 1,500 ரூபாய் போனது.