அரிட்டா காகியெமோன் சூளைக் கடை: ஒரு சின்னத் தட்டு வாங்கி வந்தேன்

ஃபுகுவோகாவுக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஹகாட்டா ஸ்டேஷனில் மிடோரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அரிட்டா, சாகா மாகாணத்துப் பீங்கான் ஊர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மார்ச் மாதம்தான் தலைமுறைகளாகப் பீங்கான் செய்யும் காகியெமோன் குடும்பத்தின் சூளையையும் கடையையும் பார்க்கப் போனேன்.

என் அப்பா மதுரையில் கடைகளுக்கு போர்டு எழுதினவர். தாத்தா ஆரம்பித்த தொழில். சித்தப்பா அவுட்லைன் போடுவார், அப்பா உள்ளே வண்ணம் நிரப்புவார். யார் எழுதினாலும் போர்டின் கீழ் மூலையில் தாத்தா பெயர்தான் இருக்கும். தாத்தா போன பிறகும் அப்படித்தான், ஃப்ளெக்ஸ் வந்து கடையை மூடும்வரை. அதனால்தான் காகியெமோன் என்பது ஓர் ஆளின் பெயராக மட்டும் நிற்கவில்லை, 17ஆம் நூற்றாண்டிலிருந்து பட்டம் போலக் கைமாறி வருகிறது என்று தெரிந்ததும் போயே ஆகவேண்டும் என்று தோன்றியது. இப்போது இருப்பவர் 15ஆவது காகியெமோன்.

ஸ்டேஷனிலிருந்து டாக்ஸிதான் வசதி. வளாகத்துக்குள் கூரை வேய்ந்த பழைய வீடு, முன்னால் காகி (பெர்சிமன் பழம்) மரம். அந்தப் பழத்தின் சிவப்பைப் பீங்கானில் கொண்டுவரத்தான் முதல் காகியெமோன் பாடுபட்டார் என்று ஜப்பானில் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். நான் போனபோது மரம் மொட்டையாக நின்றது. பணிமனைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. பழைய பீங்கான்கள் வைத்திருக்கும் சிறு காட்சிக்கூடத்தையும் விற்பனைக் கூடத்தையும் பார்க்கலாம்.

காட்சிக்கூடத்தில் என்னை நிறுத்தியது வெள்ளைதான். மற்றப் பீங்கான்களில் லேசாக நீலம் ஓடும். இது பால் வெள்ளை. நிகோஷிதே என்று பெயர். இந்த சாகா வட்டாரப் பேச்சில் 'நிகோஷி' என்றால் அரிசி களைந்த தண்ணீர்! கடைப் பெண்மணி இதைச் சொன்னதும் எனக்கு அம்மா மாட்டுக்கு எடுத்து வைக்கும் கழனித்தண்ணி வாளி கண்முன் வந்தது. அதே நிறம், அதே மென்மை. பெயர் வைத்தவர் அடுப்படி தெரிந்தவர்.

இந்த வெள்ளை 18ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்து போனது. 12ஆவது காகியெமோனும் அவர் மகன் 13ஆவதும் சேர்ந்து 1953இல் மீட்டெடுத்தார்கள். மூன்று இடத்துக் கற்களைப் பொடித்துக் கலக்கவேண்டும். சூளையில் சுருங்கும்போது கோணிக்கொள்ளும், விரிசல் விடும், நிறையக் கழித்துப் போடவேண்டி வரும். அப்போது வீட்டில் பத்தொன்பது வயதுப் பேரன் ஒருவர் இருந்தார். 1934இல் பிறந்த அவர்தான் பிறகு 14ஆவது காகியெமோன் ஆனார்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது இவருடைய வேலைதான். டோக்கியோவில் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய ஓவியம் படித்துவிட்டு ஊர் திரும்பி, தாத்தாவிடமும் அப்பாவிடமும் தொழில் பழகினார். 1982இல் அப்பா இறந்ததும் பெயரை ஏற்றார். பழைய காடை, மூங்கில், பிளம் பூ வடிவங்களோடு நிற்காமல், கண்ணால் பார்த்த காட்டுச் செடிகளை வரைந்து கிண்ணத்தில் ஏற்றினார். பூ ஒரு பக்கம், மறுபக்கம் முழுக்க வெற்று வெள்ளை. அந்த வெள்ளையை விட்டுவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். போர்டில் காலி இடம் விட்டால் "காசு வாங்கலையா?" என்று கேட்கிற ஊரில் வளர்ந்தவன் சொல்கிறேன். 2001இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது, கலைஞர்களுக்குத் தரும் பெரிய கௌரவம். 2013இல் காலமானார். அடுத்த வருஷம் அவருடைய மகன் காகியெமோன் என்ற பெயரை ஏற்றார்.

குடும்பத் தலைவர் தனியே செய்யும் நிகோஷிதே கிண்ணங்களின் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. சூளையின் கைவினைஞர்கள் சேர்ந்து செய்யும் பாத்திரங்கள் பரவாயில்லை. நான் வாங்கியது பிளம் பூ போட்ட உள்ளங்கை அளவுத் தட்டு. என் மாத வாடகையில் கிட்டத்தட்டப் பாதி. கடைப் பெண்மணி அவசரப்படுத்தவே இல்லை. மூன்று தட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, "கை வேலை, ஒன்று போல ஒன்று இருக்காது, பிடித்ததை எடுங்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பு வேறெங்கோ இணையத்தில் 'கையால் வரைந்தது' என்று நம்பி வாங்கிய கிண்ணத்தில் லென்ஸுக்கு அடியில் அச்சுப் புள்ளிகள் தெரிந்து ஏமாந்திருக்கிறேன். இதில் ஒரு புள்ளி கிடையாது. இதழின் கோடு தடிமனாகத் தொடங்கி முடி போல முடிகிறது. சிவப்பை விரலால் தடவினால் கிளேஸுக்கு, அதாவது பீங்கானின் கண்ணாடிப் பூச்சுக்கு, மேலே லேசாக மேடு தட்டுகிறது. கிளேஸ் போட்டு 1300 டிகிரி அளவில் சுட்ட பிறகுதான் இந்த வண்ணம் தீட்டி, குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுடுகிறார்கள். சிவப்பு இரும்பிலிருந்து வருவது. அந்தப் பொடிக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் பெங்காரா, வங்காளத்தின் பெயரிலிருந்து வந்த சொல்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்களும் அரிட்டா போகலாம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் கியூஷு பீங்கான் அருங்காட்சியகம், நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணமில்லை. ஷிபாதா தம்பதியர் கொடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரிட்டாப் பீங்கான்கள் அங்கே இருக்கின்றன, முறை வைத்து மாற்றிக் காட்டுகிறார்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பீங்கான் சந்தை. பேரம் பேச அது சரி, நிதானமாகப் பார்க்க வேறு நாளில் போங்கள்.

வீடியோ காலில் அப்பாவுக்குத் தட்டைக் காட்டினேன். விலையைக் கேட்கவில்லை. "கோட்டுகிட்ட கொண்டு வாடா" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரே இழுப்பு. நடுவுல கை நிக்கல." நவம்பரில் அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். மரத்தில் அப்போது பழம் இருக்கும்.